எங்களுக்கு முன்னே கிளம்பிய பெட்டி

எழுபதுகளின் நடுப்பகுதியில் நான் மதுரையில் ஒரு பெண்கள் பள்ளியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஆண்டுதோறும் நெய்தல் திணை வரும். கரும்பலகையில் கடலை வரைவேன். கரையில் ஒரு புன்னை மரத்தை நடுவேன். ஆழமில்லாத கழியில் ஒரு நாரையை ஒற்றைக் காலில் நிறுத்துவேன். தாழம்பூவின் மணத்தைச் சொல்லும் இடத்தில் என் குரல் தானாகவே தழையும். மேலூருக்குக் கிழக்கே ஓர் அடி எடுத்து வைத்திராத நான் இத்தனையையும் ஐயத்துக்கு இடமின்றிச் செய்துவந்தேன்.

ஒருநாள் முன்வரிசையிலிருந்த மாணவி எழுந்து நின்றாள். "டீச்சர், நீங்க கடலப் பாத்திருக்கீகளா?"

அந்நேரம் பார்த்து மணி அடித்தது. "நாளைக்குச் சொல்றேன்" என்றேன். மறுநாள் அவள் மறந்திருப்பாள் என்று நம்பினேன். அவள் மறக்கவில்லை, தோழியர் நால்வரிடமும் சொல்லி வைத்திருந்தாள். அன்றிலிருந்து நான் வகுப்பில் நுழையும்போதெல்லாம் ஐந்து சோடிக் கண்கள் என்னைக் கடலோரம் கொண்டுபோய் நிறுத்தி வைத்துக்கொண்டு பார்த்தன. அடுத்த ஆண்டு நெய்தல் திணை வருவதற்குள் கடலைப் பார்த்தாக வேண்டும் என்று உறுதி கொண்டேன்.

என் கணவர் நூற்பாலை ஒன்றின் பண்டகசாலைப் பொறுப்பாளர். என் உறுதியை அவரிடம் சொன்னேன்.

"தண்ணிதான பாக்கணும்? கெளம்பு, வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் போவோம்."

போனோம். அது கோடைத் தொடக்கம். குளத்தின் நடுவே குச்சி நட்டுப் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். படிக்கட்டுக்கு வந்த பந்தை என் கணவர் மிகுந்த மகிழ்ச்சியோடு எடுத்து எறிந்தார்.

"மழை பெஞ்சா இதுவும் கடலு மாதிரிதான் கெடக்கும்" என்றார்.

"மழை பெஞ்சா நம்ம தெருவும் அப்படித்தான் கெடக்கும்" என்றேன்.

அதன்பின் அவர் உண்மையாகவே விசாரிக்கத் தொடங்கினார். வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஆலைக்கு வேலைக்கு வந்த ஒருவர் கோடியக்கரையைச் சொன்னார். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் காடு. காட்டில் வெளிமான், கழியில் பூநாரை. ஒரே பயணத்தில் இரண்டையும் முடித்துவிடலாம் என்பது என் கணவருக்குப் பிடித்துப்போயிற்று. சித்திரை கழிந்து பள்ளி விடுமுறையில் போவதாக முடிவாயிற்று. "வெயில் மண்டையப் பொளந்துரும், பாத்துக்கங்க" என்று அந்த நண்பர் எச்சரித்திருந்தார்.

வெயிலுக்கு ஏற்றபடி பெட்டி கட்டும் பொறுப்பை என் கணவர் ஏற்றார். பண்டகசாலைக்காரர் கட்டும் பெட்டிக்கென்று ஓர் இயல்பு உண்டு. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல நேரக்கூடாது. பனையோலை விசிறிகள் போயின. ஓலைத் தொப்பிகள் ஒன்றனுள் ஒன்றாகப் போயின. கறுப்புக் கண்ணாடி, நன்னாரி சர்பத் புட்டிகள், வேர்க்குருவுக்குப் பூசும் மாவு, கையில்லாத பனியன்கள், காற்றுக்கே கிழிந்துவிடும் என்று நான் அஞ்சிய மெல்லிய நூல் சேலைகள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தம் சவரப் பொருள்களையும், சுபகாரியங்களுக்கென்று வைத்திருந்த ஒரே டெரிலின் கால்சட்டையையும் வைத்தார். நான் மேலே ஏறி உட்கார்ந்த பின்பே பெட்டி மூடிக்கொள்ள இசைந்தது.

பிறகு அவர் நாட்காட்டியைப் பார்த்தார், முகம் வாடியது. விடுப்பு சனிக்கிழமைதான் தொடங்குகிறது. சனிக்கிழமை கிழக்கே சூலம். கோடியக்கரையோ கிழக்கைத் தவிர வேறு எங்கும் இல்லை.

இதற்கு நம்மவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பரஸ்தானம் என்பது அதன் பெயர். நல்ல நாளில் புறப்பட முடியாதவர், அந்நாளில் தம் உடைமை ஒன்றைப் போகும் திசையிலுள்ள வேறொரு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டால் போதும். அவரே புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. அதன்பின் ஆள் எந்த நாளில் கிளம்பினாலும் குற்றமில்லை.

எங்களுக்குக் கிழக்கே அடுத்த வீட்டில் இருந்தவர் டிரங்குப் பெட்டி வணிகர். பழைய நகரத்தில் கடை. தெருவுக்கே அவர் பாய். அவர் மனைவியை நான் அக்கா என்றே அழைப்பேன். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் என் கணவரும் பாயும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

"என்னா மாப்ள, எங்கடையில வாங்குன பெட்டிய எனக்கே திருப்பித் தாரியா?" என்றார் பாய், மூச்சு வாங்கியபடி. "கல்லு எதும் போட்டிருக்கியா?"

"ஒரு ராத்திரி இருக்கட்டும் பாய். நாளைக்குக் காலையில எடுத்துக்கிருவோம்."

அன்று மாலையே ஆலையிலிருந்து ஆள் வந்தது. பண்டகசாலையில் உடன் வேலை பார்த்தவருக்கு அம்மை கண்டுவிட்டதாம். என் கணவரின் விடுப்பு நின்றுபோயிற்று.

பெட்டியைத் திரும்ப எடுத்துவரக் கிளம்பினேன். என் கணவர் வாசலில் கை நீட்டி மறித்தார்.

"என்ன காரியம் பண்ணப் போற? போன பொருளு திரும்பி வாசப்படி ஏறுனா, பயணம் பாதியில திரும்புன கணக்கு. அப்புறம் வெளங்குமா? அது அங்கனயே இருக்கட்டும். இன்னிக்கில்லேன்னா அடுத்த மாசம் போறோம்."

இப்படித்தான் எங்கள் பெட்டி எங்களை விட்டு முன்னே போயிற்று.

மறுநாள் காலை இதன் முதல் விளைவு தெரிந்தது. சவரப் பொருள்கள் பயணத்தில் இருந்தன. புதிதாக வாங்க அவர் மனம் ஒப்பவில்லை. நல்ல பொருள் இருக்கும்போது இன்னொன்று வாங்குவது பண்டகசாலை அறத்துக்கு மாறு. ஆகவே துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். பெட்டியைத் திறந்து, அங்கேயே முற்றத்தில் நின்று மழித்து, கத்தியைக் கழுவித் துடைத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். பாய் அவருக்காக முற்றத்துத் தூணில் ஒரு கண்ணாடியை மாட்டினார்.

திருமணங்களுக்குப் போவது இன்னும் கடினமாயிற்று. கைலியோடு அடுத்த வீட்டுக்குள் நுழைவார். டெரிலின் கால்சட்டையோடு வெளியே வருவார். திரும்பும்போது, கால்சட்டை எங்கள் வாசற்படியை மிதித்துவிடக்கூடாது என்பதால் மறுபடி அங்கே போய்க் கைலிக்கு மாறுவார். இதைத் தெருவே நின்று பார்த்தது. "எம்புட்டு மருவாதி பாரு மாப்ளக்கி" என்றார் பாய். "எங்க வீட்டுக்குள்ள வாறப்ப மட்டும் டெரிலின் போட்டு வாறாரு."

ஆடி வந்தது. கூரையைப் பிடுங்கும் காற்று; பல்லிலெல்லாம் புழுதி. ஆலையில் விடுப்புக் கிடைத்தது. ஆடியில் பயணம் தொடங்கலாகாது என்றார் என் கணவர். "நாமதான் வைகாசியிலேயே தொடங்கியாச்சே" என்றேன். அதை அவர் நெடுநேரம் சிந்தித்தார். பிறகு, பெட்டிக்கு ஆடி பொருந்தாது, ஆளுக்குப் பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னார்.

நோன்பு மாதம் வந்து போயிற்று. பெருநாளன்று விருந்தினர் மிகுந்துவிட, எங்கள் பெட்டியின்மேல் துணி விரித்து அக்கா பாயசக் கிண்ணங்களை அடுக்கியிருந்தார். பரிமாறிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "டீச்சர், ரம்சானும் முடிஞ்சிருச்சு. பக்ரீதுக்காச்சும் கெளம்பிருவீகளா, இல்ல பெட்டிக்குச் சேத்து ஆக்கவா?"

ஐப்பசியில் வானம் திறந்துகொண்டது. எங்கள் பழங்காநத்தத்துத் தெருக்களில் முழங்கால் வரை நீர். சன்னலோரம் நின்று அதைப் பார்த்த என் கணவருக்குப் பயணத்தின்மேலிருந்த பற்று கரைந்துவிட்டது.

"இங்கனயே இம்புட்டுத் தண்ணி. கடக்கரையில எப்படி இருக்கும்? அடுத்த வருசம் பாத்துக்கிருவோம். நான் போயி பெட்டிய எடுத்துட்டு வாரேன்."

அவர் செருப்பில் கால் நுழைத்தார். ஐந்து சோடிக் கண்கள் என் நினைவில் வரிசையாக வந்து நின்றன. நெய்தல் திணைக்கு இன்னும் சில மாதங்களே இருந்தன. அதுவரை அந்தப் பெட்டி எனக்கு ஒரு தொல்லையாகவே தோன்றியிருந்தது. அப்போதுதான் அதன் அருமை விளங்கிற்று. பெட்டி வெளியே இருக்கும்வரை என் கடலும் கைவிட்டுப் போகாது.

"எடுத்துட்டு வாங்க" என்றேன் அமைதியாக. "ஆனா, பாதியில திரும்புன கணக்கு ஆகிருமே. அப்புறம் வெளங்குமா?"

செருப்புக்குள் நுழைந்த கால் வெளியே வந்தது. என் கணவர் போய் நாட்காட்டியில் மார்கழியைப் புரட்டினார்.

அரையாண்டு விடுமுறைக்கு மழைக்கேற்ற மூட்டையைக் கட்டினோம். பெட்டியிலுள்ள விசிறிகளை எடுத்துவிட்டுக் கம்பளிகளை வைக்கலாமே என்று நான் சொன்னது எடுபடவில்லை; புறப்பட்ட பொருளைப் பிரித்தல் கூடாதாம். ஆகவே ஹோல்டால் என்று எல்லாரும் அழைத்த படுக்கைக் கட்டு ஒன்றில் கம்பளிகள், ஸ்வெட்டர்கள், தலைக்கு மப்ளர், மழைக்குப் போர்த்தும் பிளாஸ்டிக் தாள்கள், குடைகள், தைலம் எல்லாம் உருண்டன. இம்முறையும் விடுப்பு சனிக்கிழமையே தொடங்கியது. வெள்ளிக்கிழமை அக்கட்டும் கிழக்கே போய்ப் பெட்டிக்குத் துணையாகச் சேர்ந்தது.

சனிக்கிழமை காலையில் சைக்கிள் ரிக்‌ஷா வந்து நின்றது. என் கணவர் முந்தின நாளே தெரு முழுவதும் சொல்லி வைத்திருந்தார்: "நாங்க கெளம்பயில யாரும் பின்னாடியிருந்து கூப்பிட்டுறாதீக. இத்தன மாசம் காத்துக் கெடந்து போறோம்." பாய் பெட்டியைக் கொண்டுவந்து ஏற்றினார். நாங்கள் ஏறி அமர்ந்தோம். தெரு மூச்சுக் காட்டாமல் நின்றது. ரிக்‌ஷா நகர்ந்தபோது பின்னால் யாரோ விரைந்து வரும் காலடியும் வளையல் ஒலியும் கேட்டன.

"திரும்பாத" என்றார் என் கணவர். ரிக்‌ஷாக்காரரிடமும், "அண்ணே, நேராப் பாத்து மிதிங்க" என்றார்.

காலடிகள் தெருமுனை வரை வந்து நின்றன. வழியனுப்ப இவ்வளவு தூரம் வருகிறாரே அக்கா என்று எனக்குக் கண் கலங்கிற்று.

கொட்டாம்பட்டியில் பேருந்து தேநீருக்கு நின்றது. பனியும் தூறலுமாக இருந்தது. மப்ளரை எடுத்துக் கட்டிக்கொள்ள என் கணவர் பேருந்தின் மேலே ஏறினார். பெட்டி இருந்தது, கட்டு இல்லை. அவர் ஏணியில் நின்றபடியே என்னைக் கீழே பார்த்தார். நான் அவரை மேலே பார்த்தேன். வளையல் ஒலியின் பொருள் இருவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அக்கா கூவியே நிறுத்தியிருக்கலாம்; ஆனால் என் கணவரின் சொல்லுக்கு மதிப்பளித்து, வாயை மூடிக்கொண்டே எங்களைத் துரத்தியிருக்கிறார்.

"இப்ப எறங்குனா அடுத்த வண்டியப் பிடிச்சு மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குப் போயிறலாம்" என்றார் ஏணியிலிருந்து.

நடத்துநர் கீழிருந்து குரல் கொடுத்தார்: "அண்ணே, எறங்குறீகளா, மேலேயே குடி இருக்கப் போறீகளா? வண்டி எடுக்கணும்."

என் கணவர் மெல்ல இறங்கி வந்தார். மழைத்துளி அவர் மூக்கில் நின்றது.

"போவோம்" என்றார், தமக்கே எதிராகச் சான்று சொல்பவர்போல. "பாதியில திரும்பக்கூடாது."

கோடியக்கரை விடுதியில் நாங்கள் நுழைந்தபோது மழை சாய்வாகப் பெய்துகொண்டிருந்தது. பெட்டியைத் திறந்தோம். அக்கா அவ்வப்போது பூச்சிக்கு அஞ்சித் தெளித்த அத்தர் அறையெங்கும் கமழ்ந்தது. இருந்ததை அணிந்தோம். கையில்லாத பனியன்கள் நான்கை ஒன்றன்மேல் ஒன்றாக அவர் மாட்டிக்கொண்டார். நூல் சேலைகள் மூன்றை நான் சுற்றிக்கொண்டேன். தலைக்கு ஓலைத் தொப்பிகள். துளி கண்ணில் அடிக்காதிருக்க அவர் கறுப்புக் கண்ணாடியும் அணிந்தார்.

விடுதிக் காவலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "சார், வெயிலுக்கு வந்தீங்களா?"

"ஆமா. வெயிலுக்குத்தான் கெளம்புனோம். வந்து சேர மழையாயிருச்சு."

காவலாளியின் அடுப்பில் ஈர விறகு எரியாமல் புகைந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் ஆளுக்கொரு பனையோலை விசிறியோடு போய் வீசினோம், அடுப்புப் பற்றிக்கொண்டது. வெந்நீரில் நன்னாரி சர்பத்தைக் கலந்து மூவரும் குடித்தோம். அது அப்படிக் குடிப்பதற்குரிய பானமில்லை.

மழை சற்றுத் தணிந்ததும் காவலாளி எங்களை அழைத்துச் சென்றார். புல்வெளியில் முறுக்குக் கொம்போடு ஒரு வெளிமான் நனைந்து நின்றது. எங்கள் தொப்பிகளைக் கண்டு தலை நிமிர்த்தியது. துள்ளி ஓடாமல், மெல்லப் பின்னால் நகர்ந்து நகர்ந்து புதருக்குள் போயிற்று. கழியின் மறுகரையில் வெளிர்சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது. உற்று நோக்கினேன், கோட்டுக்குக் கால்கள் இருந்தன.

"பூநாரைங்க" என்றார் காவலாளி. "மழைக்காலத்துலதான் வரும். நீங்க கோடையில வந்திருந்தா ஒண்ணுகூடப் பாத்திருக்க முடியாது."

"எல்லாம் கறுப்பாத்தான இருக்கு?" என்றார் என் கணவர். நான் அவர் கண்ணாடியைக் கழற்றினேன். "அட" என்றார்.

கடல் அதற்கு அப்பால் இருந்தது. நான் கரும்பலகையில் அதை நீலச் சுண்ணத்தால் வரைந்துவந்தேன். அது பழுப்பாக இருந்தது. அலைகளை ஒழுங்காக வரைந்துவந்தேன். அவை ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அடித்துக்கொண்டன. வரைய முடியாத ஒன்றும் இருந்தது: அதன் இரைச்சல். மூன்று சேலைகளும் நனைந்து கனக்க, விசிறியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு முழங்கால் வரை இறங்கி நின்றேன். "போதும், வா" என்று என் கணவர் பின்னாலிருந்து கூப்பிட்டார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

ஊர் திரும்பி எங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது அக்கா வாசலிலேயே நின்றார். அவர் கைகளில் படுக்கைக் கட்டு இருந்தது. "ஏன் டீச்சர், நான் எம்புட்டுத் தூரம் ஓடியாந்தேன்! ஒரு வார்த்த கூப்புட முடியாம நெஞ்சே வெடிச்சிருச்சு" என்றார். சிரிப்பை அடக்க முடியாமல் இருவரும் கட்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டோம்.

ரிக்‌ஷாவிலிருந்து பெட்டி இறங்கியது. நான் அதன் ஒரு பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்து அக்காவின் வீட்டை நோக்கித் திருப்பினேன்.

"ஏ, நம்ம வீடு அங்கிட்டு இருக்கு" என்றார் என் கணவர்.

"தெரியுங்க. வெயிலுக்குக் கட்டுன பெட்டி இன்னும் வெயிலயே பாக்கலையே. சித்திரைக்குப் போறோம்ல? அது முன்னாடியே கெளம்பி நிக்கட்டும்."

அவர் மறுகைப்பிடியைத் தூக்கினார்.

அவ்வாண்டு நெய்தல் திணையில் கடலைப் பழுப்புச் சுண்ணத்தால் வரைந்தேன். முன்வரிசை மாணவியும் தோழியரும் அடுத்த வகுப்புக்குப் போயிருந்தார்கள்; ஆயினும் அவளை ஆள் விட்டு அழைத்து, கரும்பலகையைக் காட்டினேன். "டீச்சர், கடலு நீலமாத்தான இருக்கும்?" என்றாள். "நான் பாத்தது இப்படித்தான் இருந்துச்சு" என்றேன். அவ்வளவு பெருமிதத்தோடு நான் அதற்கு முன் எதையும் வகுப்பில் சொன்னதில்லை.

அதற்கும் முன்னே, நாங்கள் ஊர் திரும்பிய மறுநாள் காலையிலேயே என் கணவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிழக்கே நடந்தார். அடுத்த வீட்டிலிருந்து பாயின் குரல் கேட்டது: "வா மாப்ள, வா. தூணுல மாட்டுன கண்ணாடியக் கழட்டவே இல்ல."