அன்புச்செல்வியும் பார்த்துப் பழகிய மிஷினும்

அன்புச்செல்வி என் ஓர்ப்படியின் தங்கை மகள். அடையாற்றங்கரைக் குடிசையைப் பிடுங்கி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்ட சனத்தில் ஒருத்தி. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களைப் பார்த்துக்கொள்வதுதான் அவள் பிழைப்பு. அவளை அனுப்புகிற தேனாம்பேட்டை கம்பெனி, இப்போது கூடவே ஒரு மிஷினையும் அனுப்புகிறது. நோயாளியின் முனகல் எதனால் அடங்குகிறதோ அதை அது பார்த்து வைத்துக்கொள்ளும். ஒன்று பழகியதை மற்ற வீட்டு மிஷின்களும் செய்யும்.

மயிலாப்பூரில் சுந்தரவல்லியம்மாளுக்கு உயிர் இழுத்துக்கொண்டிருந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில். கடைசிப் பால் இல்லாமல் போகக் கூடாதே என்று அன்புச்செல்வியே பிள்ளை பேரைச் சொல்லி ஸ்பூனால் ஊற்றினாள்.

"பெரியவரு முத்துகிருஷ்ணன் ஊத்துறாரும்மா, வாங்கிக்கோ."

முனகல் அடங்கியது, உயிரும் போனது. மிஷின் பக்கத்திலேயே நின்றிருந்தது.

அடுத்து பாலவாக்கத்தில் ரகுபதி வீடு. பக்கவாதம், பேச்சில்லை. மூக்குக் குழாய் வழியாகத்தான் ஆகாரம். வாயில் ஊற்றினால் புரையேறி உயிரே போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"இன்னா நைனா, மிஷினாண்ட மட்டும் சமத்தா கீற, என்னைப் பாத்தா மொறைக்கிற?" என்று அவரைச் சீண்டிக்கொண்டே துடைத்துவிடுவாள்.

ஒருநாள் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது அவர் முனகுவது கேட்டது. இறங்கி ஓடி வந்தாள். கட்டிலைச் சமமாகத் தாழ்த்தி, குழாய்க்கு வைத்திருந்த பாலை ஸ்பூனில் எடுத்து அவர் உதட்டருகே நீட்டிக்கொண்டிருந்தது மிஷின்.

"பெரியவரு முத்துகிருஷ்ணன் ஊத்துறாரும்மா, வாங்கிக்கோ."

"அடப்பாவி, அவரு சாவலடா!" என்று ஸ்பூனைத் தட்டிவிட்டாள். பயத்தில் அவர் இன்னும் பலமாக முனகினார். மிஷின் மறுபடி ஸ்பூனை நிரப்பியது. இடித்துத் தள்ளினாள், அசையவில்லை. வேறு வழி தெரியாமல் உள்ளங்கையால் அவர் வாயை அழுத்திப் பொத்தினாள். கண் பிதுங்கத் திமிறினார். பிறகு சத்தம் அடங்கியது.

மிஷின் ஸ்பூனைக் கீழே வைத்தது. அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றது.

ரகுபதி பிழைத்துக்கொண்டார். மறுநாள் கம்பெனியிலிருந்து சுரேஷ்குமார் வந்தான்.

"பயப்படாதக்கா. பால் ஊத்துற விஷயத்த எல்லா மிஷின்லயும் அழிச்சாச்சு."

"வாயப் பொத்துன கைய?"

"எந்தக் கைய அக்கா?" என்றான்.