தேடுதல் நிறுத்தப்படலாம்

தேனி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், மருந்துக்கடை மாடியில் இருக்கும் பயிற்சி மையத்தில் பதினோரு வருடமாக ஆங்கில இலக்கணம் நடத்துகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் கல்யாணமான பெண்கள். விடியுமுன்னே சமைத்து வைத்துவிட்டு, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, பஸ் பிடித்து வருவார்கள். அப்படி ஓடைப்பட்டியிலிருந்து வந்தவள்தான் அவள். வயது இருபத்தாறு. ஐந்து வயதில் ஒரு மகள். வங்கி கிளார்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மாமனார் வீட்டில் திராட்சைத் தோட்டம். கணவன் வெல்டர். கடலில் எண்ணெய் எடுக்கும் இடத்தில், மிதவைக் கப்பலில் வேலை. எங்கள் பக்கம் கடலே கிடையாது. அவள் கடலைப் பார்த்ததே இல்லை என்று ஒருநாள் சொல்லியிருக்கிறாள்.

அந்த ஐப்பசியில் நான் நடத்திக்கொண்டிருந்தது எல்லோரும் தடுமாறுகிற பாடம். ஆங்கிலத்தில் ஒரு வினைக்கு முன்னால் 'மே', 'மஸ்ட்', 'ஷுட்' என்று ஒன்று வரும். நடுவில் 'பி' வந்து, செய்தவர் யாரென்பதை மறைத்துவிடும். பின்னால் 'ஆஃப்', 'அவுட்' என்று ஒரு சின்ன வால் ஒட்டிக்கொண்டிருக்கும். பிள்ளைகள் முன்னால் இருப்பதை எழுதிவிடுவார்கள், வாலை விட்டுவிடுவார்கள். 'கால்டு' என்றால் கூப்பிடுவது, 'கால்டு ஆஃப்' என்றால் கைவிடுவது, வாலை விட்டால் அர்த்தமே தலைகீழாகிவிடும் என்று கரும்பலகையில் அடிக்கோடு போட்டுச் சொல்வேன். தமிழிலும் இது உண்டு, 'தள்ளி வைக்கப்படலாம்' என்று செய்தித்தாளில் வருகிறதே என்றேன். அவள்தான் சிரித்தாள். வீட்டில் யாரும் அப்படிப் பேசமாட்டார்கள் மிஸ், 'தள்ளி வச்சுட்டாக' என்றுதான் சொல்வோம் என்றாள்.

அடுத்த வாரம் அவள் வரவில்லை. ஐந்தாம் நாள் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே வந்து, கையில் போனோடு படிக்கட்டில் நின்றிருந்தாள். நாலு நாளைக்கு முன்னால் புயலில் கப்பலிலிருந்து ஆறுபேர் கடலில் விழுந்துவிட்டதாகவும், நாலுபேரை எடுத்துவிட்டதாகவும், அவள் கணவனையும் இன்னொருவனையும் காணவில்லை என்றும் சொன்னாள். முந்தின நாள் சாயங்காலம் கம்பெனியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. கணவனின் தம்பி அதைப் படித்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்தது 'செர்ச்', 'கால்டு' என்கிற இரண்டு சொற்கள். அண்ணனைத் தேடிக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டான். மாமனார் உடனே கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்திருக்கிறார். இவள் மட்டும் போனை வாங்கிப் பார்த்திருக்கிறாள். கடைசியில் 'ஆஃப்' இருந்தது.

"நீங்க நடத்துன வால் இருக்கு மிஸ். அதான் வந்தேன்."

வாங்கிப் படித்தேன். 'த செர்ச் மே ஹாவ் டு பி கால்டு ஆஃப்.' வானிலை மோசம் என்று காரணம் போட்டிருந்தது. தம்பி சொன்னது சரியில்லை, தேடுவதை நிறுத்துவதைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. எனக்குத் தெரிந்த இலக்கணத்தை எடுத்துக்கொண்டேன்.

"முன்னால 'மே' இருக்கு பாரும்மா. இன்னும் முடிவு பண்ணல. பண்ணியிருந்தா வேற மாதிரி எழுதியிருப்பாக."

"அப்ப இன்னும் தேடுறாகளா மிஸ்?"

"தேடலாம்" என்றேன்.

அவள் காதில் அது 'தேடுறாக' என்று விழுந்தது. விழட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். ஆபீஸ் கடிதத்தில் 'மே' எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாமலில்லை. நான் முதலில் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில், என் பணியிடம் நீக்கப்பட வேண்டியிருக்கலாம் என்று இதே தோரணையில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். நான் அதை வாங்கிப் படித்தபோது என் வகுப்பில் வேறொருத்தி பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கே கம்பெனிக்குப் பதில் எழுதினோம். அவள் சொல்ல, நான் தட்டினேன். தேடுதலை நிறுத்தவே கூடாது, 'மஸ்ட் நாட்' போடுங்கள் என்றாள். நாம் கேட்கிற இடத்தில் இருக்கிறோம், 'மஸ்ட்' போட்டால் அதிகாரம் பண்ணுகிற மாதிரி இருக்கும் என்று நான் தடுத்தேன். கொஞ்சநேரம் வாதாடினாள். கடைசியில் 'முடியுமா' என்று பணிவாகக் கேட்கிற 'குட்' போட்டு, தேடுதல் இன்னும் சில நாள் நீட்டிக்கப்பட இயலுமா என்று அனுப்பினேன். பதில் வரவில்லை.

ஒன்பது நாள் அப்படிப் போனது. தினமும் போனில் கேட்பேன். அழவந்த சொந்தக்காரர்களை மாமனார் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினார் என்றாள். பழம் வெட்ட ஆள் வந்ததற்கும் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டாராம். மழையில் கொத்துக்கொத்தாகப் பழம் வெடித்துப் போயிருக்கிறது. மகள் பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும், எங்க அப்பாவைக் கப்பல் வச்சுத் தேடுறாக என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாளாம். அதைக் கேட்டபோதே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பத்தாம் நாள் மாமனாரே ஆளை அனுப்பிய ஏஜெண்டுக்குப் போன் போட்டார். கொச்சியில் இருப்பவன். பெரியவர் சின்ன வயதில் குமுளிக்கு அந்தப்பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தவர், மலையாளம் நன்றாகப் பேசுவார். மகன் என்ன ஆனான் என்று மலையாளத்திலேயே கேட்டிருக்கிறார். ஏஜெண்டு, "திரச்சில் நிர்த்தி" என்றிருக்கிறான். தேடுதலை நிறுத்தியாகிவிட்டது. எப்போது என்று கேட்டதற்கு, விழுந்த மூன்றாம் நாளே என்று சொல்லியிருக்கிறான். அந்த மெயில் வந்தது நான்காம் நாள்.

அவள் போன் பண்ணவில்லை. வகுப்பில் கூடப்படிக்கும் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மத்தியானமே கிளம்பி, சின்னமனூரில் பஸ் மாறி ஓடைப்பட்டிக்குப் போனேன். வீட்டுக்கு முன்னால் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பெரியவர் எழுந்து வந்து கும்பிட்டார்.

"மலையாளத்துல கேட்டேன், ரெண்டே வார்த்தையில சொல்லிட்டான் டீச்சரம்மா. இங்கிலீசுல எதுக்கு அம்புட்டு நீளமா எழுதுறாக?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போனேன்.

உள்ளே அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மகள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கேட்டாள்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா மிஸ்?"

"சந்தேகம் இருந்துச்சு" என்றேன்.

"சொல்லியிருக்கலாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த ஒரு சொல்லையே நினைத்துக்கொண்டு வந்தேன். 'லாம்' என்றால் இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும் என்று பாடத்தில் சொல்வேன். அவள் சொன்னதில் எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை.

உடல் கிடைக்கவில்லை. போட்டோவை வைத்துக் காரியம் செய்தார்கள். அவள் படிப்பை விட்டுவிட்டாள். மாசி மாதத்தில் ஒருநாள், நஷ்டஈட்டுக்காகக் கம்பெனி அனுப்பிய விண்ணப்பங்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். வேறு யாரிடமும் கேட்க விருப்பமில்லை என்றாள். உடல் கிடைக்காத ஆளுக்கு ஏழு வருடம் போனால்தான் இறந்ததாகக் கருதப்படலாம், அல்லது கோர்ட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று இருந்தது. இந்தத் தடவை ஒவ்வொரு வரியையும் யார் செய்வார்கள், செய்தாகிவிட்டதா, செய்யமாட்டார்களா என்று உடைத்து உடைத்துச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். அவள் பேனாவால் ஓரத்தில் குறித்துக்கொண்டாள். சின்னமனூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருப்பதாகச் சொன்னாள்.

கிளம்பும்போது மகள் எப்படியிருக்கிறாள் என்று கேட்டேன். நன்றாகப் படிக்கிறாள் என்றாள். வேலைக்குக் கிளம்பினால் மட்டும் வாசலில் வந்து மறித்துக்கொள்கிறாளாம். சாயங்காலம் வந்துவிடுவேன் என்று சொன்னாலும் விடுவதில்லை.

"வருவியா, இல்ல வந்தாலும் வரலாமான்னு கேக்குறா மிஸ். தெனமும் கேக்குறா."

அப்படிச் சொல்லிவிட்டுக் காகிதங்களை மஞ்சள் பைக்குள் அடுக்கினாள். வெளியே சின்னமனூர் பஸ் திரும்பிக்கொண்டிருந்தது. படியிறங்கி வேகமாகப் போய் ஏறிக்கொண்டாள்.