காரணம்: திருமணம்

எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்ற விஷயம் எனக்கே தபாலில்தான் தெரியவந்தது. மாப்பிள்ளை யார் என்று இன்றுவரை தெரியாது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மெட்ராஸில் ஹாஸ்டலில் தங்கி எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்தவுடன், பெங்களூரில் டெலிபோன் கருவிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலைக்கு ஆர்டர் வந்தது. சாலவாக்கத்துப் பக்கம் எங்கள் கிராமத்தில் அப்போது டெலிபோன் என்றால் போஸ்டாபீஸில் இருந்த ஒன்றுதான். அதுவும் பாதி நாள் பேசாது. அதைப் பேசவைக்கிற வேலைக்கு நான் போகிறேன் என்று எனக்கு ஒரே பெருமை, தலை கனத்துப்போயிருந்தது.

அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம், இரண்டு மாடு, அதிகம் பேசாத வாய். கையெழுத்து மட்டும் போடுவார், படிக்கத் தெரியாது. அம்மாவுக்கு அதுவும் தெரியாது. என்னைப் படிக்க வைத்ததும் நைனாதான், ஆர்டரைக் கையில் வாங்கி, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எப்போ கெளம்பணும்?" என்று மட்டும் கேட்டவரும் அவர்தான். நான் எதிர்பார்த்த ஆரவாரம் எதுவும் இல்லை.

கிளம்பிய அன்று டிரங்குப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு என்னோடு டவுன் பஸ்ஸுக்கு நின்றார். திருப்புலிவனத்தில் கட்டிக்கொடுத்திருந்த என் அத்தை, நைனாவின் தங்கை, அந்தப் பக்கம் வந்தவள் பெட்டியைப் பார்த்துவிட்டாள். அவள் மகனுக்கு நான்தான் முறைப்பெண். என்னை அவனுக்குக் கட்டிவைப்பது அவளாக முடிவு செய்து வைத்திருந்த விஷயம்.

"பொட்டியெல்லாம் எட்துக்கினு எங்கண்ணா?" என்றாள்.

"சும்மா. பெங்களூர் வரிக்கும்" என்றார் நைனா.

சும்மாவா? எனக்குச் சுருக்கென்றது. மூன்று வருஷம் ராப்பகலாகப் படித்து, இன்டர்வியூவில் ஆண்பிள்ளைகளோடு மல்லுக்கட்டி வாங்கிய வேலை இவருக்குச் சும்மாவா? வாயைத் திறந்து சொல்லக் கூச்சப்படுகிறார் என்று அந்த நிமிஷமே முடிவு கட்டிவிட்டேன். நான் ஒன்றை முடிவு கட்டினால் லேசில் அவிழ்க்கமாட்டேன்.

பெங்களூரில் வேலை பிடித்துப்போயிற்று. டெஸ்டிங் பிரிவு. சர்க்யூட் போர்டுகளை ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும், கெட்டது இருந்தால் சால்டரிங் கோலை எடுத்துச் சரிசெய்ய வேண்டும். முதல் மாதம் விரல் நுனி பத்திலும் கொப்புளம். அது ஒரு பொருட்டே இல்லை, சாப்பாடுதான் பிரச்சினை. பாலக்காட்டுப் பெண் ஒருத்தியும் சித்தூர்ப் பெண் ஒருத்தியும் நானுமாக ஓர் அறை எடுத்திருந்தோம். அரிசி கடையில் கிடைத்தது, ஸ்டவ் கையில் இருந்தது, ஊற்ற மண்ணெண்ணெய் இல்லை. அது ரேஷன் கார்டுக்குத்தான் கிடைக்கும். வீட்டுக்காரம்மா புண்ணியத்தில் ஒரு மாதம் ஓடியது. அப்புறம் அவளும், "நீங்களே ஒரு கார்டு வாங்கிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் வேறு அறை பாருங்கள்" என்று சொல்லிவிட்டாள். மற்ற இருவர் வீட்டிலும் ஆயிரம் சாக்கு. என் பெயரில்தான் வாங்குவது என்று ஆயிற்று.

அதற்கு ஊர்க் கார்டில் என் பெயரை நீக்கி, நீக்கியதற்குச் சான்றிதழ் வாங்கி அனுப்ப வேண்டும். நைனாவுக்கு எழுதினேன். ஒரு மாதம் கழித்து உறை வந்தது. உத்திரமேரூர் ரேஷன் ஆபீஸில் சான்றிதழ் கைக்கு வந்ததுமே, அந்த ஊர்ப் போஸ்டாபீஸிலேயே யாரிடமோ விலாசம் எழுதி வாங்கிப் போட்டிருக்கிறார். அவசரமாகப் பிரித்தேன். என் பெயர், வயது, நீக்கிய தேதி எல்லாம் சரி. அதற்குக் கீழே, காரணம் என்ற இடத்தில், திருமணம்.

அறைத் தோழிகள் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து கட்டிலில் விழுந்தார்கள். நானும் சிரித்தேன், கார்டு ஆபீஸுக்குப் போகும்வரைக்கும். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்த குமாஸ்தா சான்றிதழைப் பார்த்துவிட்டு, புருஷன் பெயர் என்ன என்று கேட்டார். கல்யாணம் ஆகவில்லை என்றேன். அரசாங்கச் சீல் வைத்த காகிதம் ஆனது என்கிறதே, நான் எதை நம்ப என்றார். கடைசியில் புருஷனைக் கூட்டிக்கொண்டு வா, கார்டு தருகிறேன் என்று அனுப்பிவிட்டார். என் பின்னால் நின்ற வரிசையே என்னை மேலும் கீழும் பார்த்தது.

அன்று ராத்திரி மூன்று பேரும் பன்னைத் தண்ணீரில் தொட்டுத் தின்றோம். எனக்குப் பன் இறங்கவில்லை. வேலைக்குப் போயிருக்கிறாள் என்று சொல்ல வெட்கப்பட்டு, கௌரவமாக ஒரு கல்யாணத்தை எழுதி வைத்துவிட்டார் நைனா என்றுதான் தோன்றியது. பஸ் ஸ்டாப்பில் சொன்ன அந்தச் 'சும்மா' வேறு காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது. கையோடு இன்லண்ட் லெட்டர் எடுத்து எழுதினேன்.

"என்னை வேலைக்கு அனுப்பியதைச் சொல்ல வெட்கமாக இருந்தால் கல்யாணம் என்று எழுதியிருக்க வேண்டாம். செத்துவிட்டாள் என்று எழுதியிருக்கலாம். அதற்குப் புருஷன் பெயர் கேட்கமாட்டார்கள்."

எங்கள் வீட்டுக் கடிதங்களைத் தபால்காரர்தான் வாசலில் நின்று உரக்கப் படித்துக்காட்டுவார். அக்கம்பக்கத்தில் நாலு பேர் காதில் விழும். அது தெரிந்தேதான் எழுதினேன். மறந்துபோய் எழுதிவிட்டேன் என்று இப்போது சொன்னால் பொய்.

பதில் வரப் பதினைந்து நாள் ஆயிற்று. தபால் கார்டில் தபால்காரர் கையெழுத்தில் ஒரே வரி. "பொங்கலுக்கு வா. நைனா."

போகக்கூடாது என்றுதான் இருந்தேன். லீவில் தோழிகள் இருவரும் ஊருக்குக் கிளம்பியதும் காலி அறையில் உட்கார முடியவில்லை. பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது நைனா களத்துமேட்டில் இருந்தார். அம்மா என்னைப் பார்த்ததும் தண்ணீர்கூடக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாடி லெட்டர் அது? அந்த மனுசன் ரெண்டு நாளு சோறு துண்ணல, தெரியுமா உனுக்கு?"

"எனக்குக் கல்யாணம்னு எழுதித் தந்தது யாரு?" என்றேன் நானும் விடாமல்.

"அவுரா எய்தனாரு? ஆபீஸ்ல ஒரே பேச்சு கேட்டானாம். ஆம்பளப் புள்ளையா, பொட்டப் புள்ளையான்னு. பொட்டப் புள்ளன்னாரு. அவன் பாட்டுக்கு எய்தி, சீல் குத்திக் குட்த்துட்டான். பொண்ணு பேரை வேற எதுக்கு எட்ப்பாங்கன்னு அவன் நெனப்பு. இவுருக்குப் படிக்கத் தெரிஞ்சாத்தானே?"

அம்மா விடவில்லை. அந்த மாதம் சர்க்கரை வாங்கப் போனபோது ரேஷன் கடைக்காரர் கார்டைப் பார்த்து, வரிசை முழுவதும் கேட்கும்படி, "இன்னாண்ணா, சத்தமே இல்லாம பொண்ணு கல்யாணத்த முட்ச்சிட்ட?" என்றாராம். வாயே திறக்காத நைனா, சர்க்கரைப் பையைக் கீழே வைத்துவிட்டு, "கல்யாணமும் இல்ல, ஒண்ணும் இல்ல. எம் பொண்ணு பெங்களூர்ல போன் செய்யற கம்பெனில வேலை பண்ணிக்கினு கீது" என்று கத்தினாராம். அவ்வளவு சத்தமாக அவர் பேசி அம்மா கேட்டதே இல்லையாம். ஆனாலும் செய்தி அதற்குள் திருப்புலிவனத்துக்குப் போய், அத்தை வந்து, "எம் புள்ளைக்கு இன்னா கொறச்சல்னு எவனோ பெங்களூர்க்காரனுக்குக் குட்த்த?" என்று தெருவில் நின்று மூக்கைச் சிந்திவிட்டுப் போயிருக்கிறாள். என் கடிதம் அதற்கு மறுநாள் வந்திருக்கிறது.

"கெளம்பற அன்னிக்கு அத்தை கேட்டப்போ சும்மான்னு சொன்னாரே?"

"கெளம்பறப்போ எங்கன்னு கேட்டா வேற இன்னாத்தச் சொல்றது? போற காரியம் வெளங்கவேணாமா?"

இது எனக்குத் தெரியாத வழக்கமா? சின்ன வயதிலிருந்து கேட்டதுதான். கோபத்தில் அது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை.

நைனா வந்தார். கால் கழுவினார். என்னைப் பார்த்து, "நாஷ்டா துண்ணியாம்மா?" என்றார். நேராக உள்ளே போய், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்தார். அதில் புதுச் சான்றிதழ் ஒன்று இருந்தது. காரணம் என்ற இடத்தில், வெளி மாநிலத்தில் வேலை.

சீல் வைத்த எழுத்தைத் திருத்த முடியாது என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறார்கள். என் பெயரைப் புதிதாகச் சேர்த்து, அப்புறம் மறுபடி வெட்டினால்தான் வேறு காரணம் எழுதலாமாம். களை எடுக்கிற நாட்களில் வேலையைப் போட்டுவிட்டு நாலு தடவை நடந்திருக்கிறார். இந்த முறை சீல் குத்தும் முன்னால் இரண்டு தரம் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டாராம்.

"நைனா, அந்த லெட்டரு..." என்று ஆரம்பித்தேன். அழுகை வந்துவிட்டது.

"உடு. அங்க சோத்துக்கே பேஜாரா இருந்தா கோவம் வராதா?" என்றவர், பையிலிருந்து ரேஷன் கார்டையும் எடுத்து விரித்தார். அதில் என் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டும் சிவப்பு மையில் அடிக்கப்பட்டு, பக்கத்தில் காரணம் எழுதப்பட்டிருந்தது. நைனா மண் ஒட்டிய விரலை வைத்து, படிக்கிறவர் போல நிதானமாகச் சொன்னார்:

"இங்க பாரு. வெளி மாநிலத்தில் வேலை. எல்லாருக்கும் காட்டிட்டேன். டீக்கடையில, களத்துல, உங்க அத்த வூட்ல, ஒருத்தர் பாக்கி இல்ல."

அவர் விரல் மேல் வரியில் இருந்தது. திருமணம் என்ற வார்த்தைக்கு நேர் கீழே.

டீக்கடையில் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள். ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை. நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் விரலைப் பிடித்தேன். மெதுவாக ஒரு வரி கீழே இறக்கி வைத்தேன்.

"இனிமே காட்டறப்போ இந்த எடத்தக் காட்டு நைனா. இங்கதான் எழுத்து நல்லா தெரியுது."