கை சுத்தமா வருமா

அன்றைக்கு வந்தவர்களை இப்போதும் விரல் விட்டுச் சொல்வேன். பிள்ளைகள் ஏழு பேர், நான்கு பெண், மூன்று பையன். எல்லாருக்கும் மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள். அம்மாக்கள் மூன்று பேர். திருப்பருத்திக்குன்றத்திலிருந்து பேரனைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு தாத்தா. டீச்சர். வேன் ஓட்டுகிறவர். நான். ஆக மொத்தம் பதினான்கு. வேனில் ஏறும்போது எண்ணினேன். முசரவாக்கம் தோப்பில் இறங்கியதும் எண்ணினேன். நடுவில் நாலைந்து தடவை எண்ணினேன், திரும்ப ஏறும்போதும் எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் பதினான்கு. ஒருவர்கூடக் குறையவில்லை. அதனால் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். எனக்கு அப்படித் தூக்கம் வருவது அபூர்வம்.

செவிலிமேட்டில் ஒரு சின்ன மழலையர் பள்ளியில் உதவியாளாக இருக்கிறேன். டீச்சருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு, சென்னையில் படித்துவிட்டு வந்து சொந்தமாகப் பள்ளி ஆரம்பித்தவர். நான் எட்டாவது பாதியில் நின்றவள். மாதம் ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போய் மண், தண்ணீர், இலை, குச்சி இவற்றோடு விளையாட விடவேண்டும் என்பது டீச்சரின் ஆசை. போனில் ஒரு அறிவிப்பை எழுதி அம்மாக்கள் எல்லாருக்கும் அனுப்பினார். எல்லாரும் கட்டைவிரல் போட்டார்கள். ஒருவரும் படிக்கவில்லை. முதல் மாதம் ஒரு பெண் குழந்தை பட்டுப்பாவாடையும் தங்க அரைஞாணும் போட்டுக்கொண்டு வந்தது. அந்த அரைஞாணைப் பார்த்துக்கொண்டே என் பொழுது முழுவதும் போயிற்று. அடுத்த மாதத்திலிருந்து, முன்கூட்டியே வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வரும் வேலையை டீச்சர் என்னிடம் கொடுத்தார். "நீங்க சொன்னா கேப்பாங்க அக்கா, உங்களுக்குத்தான் எல்லா பயமும் முன்னாடியே தெரியும்" என்றார். கிண்டல்தான். ஆனால் பொய் இல்லை.

எனக்குப் பயம் சின்ன வயதிலிருந்தே உண்டு. அடுப்பை அணைத்தேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ஆள் நான். ஆகவே அந்த வேலையை ஒழுங்காகச் செய்தேன். தினக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் வரிசையாக எழுதி வைத்துக்கொள்வேன். பழைய துணி போட்டு அனுப்புங்கள். மாற்றுத்துணி ஒன்று, துண்டு ஒன்று. கொலுசு, கம்மல், செயின் எதுவும் வேண்டாம். இளைப்பு இருந்தால் மருந்தைக் கொடுத்துவிடுங்கள். எறும்பு கடித்தால் வீங்குகிற பிள்ளையா? தண்ணீர் பாட்டிலில் பெயர் எழுதுங்கள். காலில் மூடின செருப்பு. பாம்பு பற்றி யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று தனியாக ஒரு வரி.

கேட்கத்தான் கேட்டார்கள். ஒரு அம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னார்: "இன்னாமா இது, மண்ணுல பொரள்றதுக்கு நூறு ரூபா குடுத்து அனுப்பணுமா? எங்க தெருவுல சும்மாவே பொரளுது."

"தெருவுல வண்டி வருதே மா."

"அங்க பாம்பு வருமே?"

"பாம்பு வர்ற எடத்துக்கு நான் போவேனா? என்னப் பாத்தா அப்படியா இருக்குது?"

"அதுவும் சரிதான். நீ போறன்னா பாம்புக்கே பயமா இருக்கும், இத்தன கேள்வி கேக்கறியே!" என்று சிரித்தார். அவர் பையனை அனுப்பினார்.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு தறி வீடு. அந்த வீட்டுப் பெண்ணுக்கு நாலு வயது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் நடப்பாள், சின்ன கலெக்டர் மாதிரி. முதலில் எங்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. களிமண் உருண்டையைக் கொடுத்தால் பார்ப்பாள், வாங்கமாட்டாள். வண்ணத்தைக் கொடுத்தாலும் அப்படித்தான். மற்ற பிள்ளைகள் கையை முக்கி எடுக்கும்போது எட்டிப் பார்ப்பாள், அவள் கை பின்னாலேயே இருக்கும். அவர்கள் வீட்டுக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஒரே அறை, அதில் பாதிக்குமேல் தறி. நடந்தால் ஒரு பக்கம் இழுத்துக் கட்டின பாவு நூல், மறுபக்கம் பட்டு நூல் சுற்றின ராட்டை. நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அந்தக் குழந்தை கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை ஒன்றுதான்: தொடாதே.

நான் போனபோது அப்பா தறிக்குழிக்குள் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். அம்மா குறுக்கே ஓடுகிற ஊடை நூலை ராட்டையில் தார்க்குச்சிக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். தறியில் பால் வெள்ளையில் ஒரு முகூர்த்தப் புடவை. என் தாளைப் பிரித்து எல்லாவற்றையும் சொன்னேன். எறும்பு, வெயில், தண்ணீர், இளைப்பு. அந்த அம்மா ராட்டையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"திரும்பி வரும்போது கை சுத்தமா வருமா?"

"என் கையாலயே சோப்பு போட்டுக் கழுவி அனுப்பறேன் மா."

"அது போதும். பாவம், அதுவும் எதையாவது தொட்டுப் பாக்கட்டும்" என்றார். குழிக்குள்ளிருந்து அப்பா மகளைப் பார்த்துச் சொன்னார்: "இன்னாடி, சகதில எறங்கப்போறியா? ராணியம்மா கால்ல மண்ணு படலாமா?" குழந்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டே சிரித்தது.

அது ஆனி மாதம். தோப்பு தெரிந்தவர் ஒருவருடையது. மோட்டார் போட்டுத் தொட்டி நிறையத் தண்ணீர் விட்டிருந்தார். வாய்க்கால் ஓரத்தில் ஒரு பெரிய நாவல் மரம். நாங்கள் நாகப்பழம் என்போம். தரையெல்லாம் பழம் உதிர்ந்து ஊதாவாகக் கிடந்தது. பிள்ளைகள் சேற்றில் இறங்கிவிட்டார்கள். தாத்தா மரத்தடியில் துண்டை விரித்து, "யாராவது காணாமப் போனா எழுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அவள் மட்டும் வரப்பில் நின்றாள். பின்னால் கை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து ஒரு பழத்தை எடுத்து ஊதி என் உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தொடலாமா?"

"தொடலாம்."

"திட்டமாட்டாங்களா?"

"இங்க யாரும் திட்டமாட்டாங்க கண்ணு."

ஒரு விரலை மட்டும் நீட்டித் தொட்டாள். அப்புறம் இரண்டு விரல். அப்புறம் பழத்தை நசுக்கினாள். சாறு விரலிடுக்கில் வழிந்ததும் பயந்துபோய் என் முகத்தைப் பார்த்தாள். நானும் என் கையில் ஒரு பழத்தை நசுக்கிக் காட்டினேன். அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. முழங்கை வரைக்கும் சேறு, வாயெல்லாம் ஊதா. வாய்க்காலில் உட்கார்ந்து தண்ணீரை இரண்டு கையாலும் அடித்தாள். டீச்சர் என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் செய்த வேலையில் எனக்குப் பெருமையாக இருந்தது என்றால் அது அந்த ஒரு காலைதான்.

கிளம்பும்போது தொட்டியில் எல்லாப் பிள்ளைகளையும் நிற்கவைத்துச் சோப்புப் போட்டேன். அவளுக்கு இரண்டு தடவை போட்டேன். நகத்துக்குள்கூடத் துணி விட்டு எடுத்தேன். மாற்றுத்துணி போட்டுவிட்டேன். ஊதாக் கறை உள்ளங்கையில் லேசாக இருந்தது. காய்ந்த கறை, எதிலும் ஒட்டாது என்று என் புடவையில் அழுத்தித் தேய்த்துப் பார்த்தேன். ஒட்டவில்லை.

அப்போது அவள் கேட்டாள், "அப்பாவுக்கு?"

நான்தான் பொறுக்கினேன். நசுங்காததாகப் பார்த்து ஐந்து பழம். ஒரு இலையில் சுற்றி அவள் கவுன் பையில் நானே வைத்தேன். "அப்பாகிட்ட நீயே குடு" என்றும் சொன்னேன்.

என்னென்னவோ பயந்தேன். பாம்புக்குப் பயந்தேன், கண்ணாடித் துண்டுக்குப் பயந்தேன், தொட்டி ஆழத்துக்குப் பயந்தேன், வேன்காரர் போனில் பேசிக்கொண்டே ஓட்டுவாரோ என்று பயந்தேன். அந்தப் பழங்களுக்கு மட்டும் பயப்படவில்லை.

அவர்கள் தெரு முனையில் வேனை நிறுத்தி வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா தெருக்குழாயில் குடத்தோடு நின்றிருந்தார். "வந்துட்டா மா, கை பாருங்க" என்றேன். இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். அம்மா தலையாட்டிச் சிரித்தார். வேனில் மற்ற பிள்ளைகள் இருக்கிறார்களே என்று நான் திரும்பி ஓடினேன்.

உள்ளே என்ன நடந்தது என்பதை மறுநாள் அந்த அம்மாதான் வாசலில் நின்றபடியே சொன்னார். குழந்தை நேராகத் தறிக்குப் போயிருக்கிறாள். வேனில் உட்கார்ந்து வந்ததில் பழம் பையிலேயே நசுங்கியிருக்கிறது. இலையைப் பிரித்து, அப்பாவின் நெஞ்சுக்கு எதிரே விரிந்து கிடந்த துணியில், அவர் கைக்கு எட்டுகிற இடத்தில், ஐந்தையும் வைத்திருக்கிறாள். "சாப்பிடுப்பா" என்றாளாம். அவர் ஊடையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்திருக்கிறார். என்ன ஏது என்று தெரிவதற்கு முன்னால் அவள் கையில் ஓங்கி ஒரு அடி.

"அதுவரைக்கும் அடிச்சதே இல்லமா அவரு" என்றார். "அடிச்சுட்டு அவரே அழுவுறாரு. அது அழல. கைய பின்னால கட்டிக்கினு நின்னுது."

நான் என் தப்பு, என் தப்பு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அந்த அம்மா என்னைத் திட்டியிருந்தால் தேவலை. "கை சுத்தமா வருமான்னுதான மா கேட்டேன். கை சுத்தமாதான் வந்துது" என்றார். அவ்வளவுதான்.

பால் வெள்ளையில் நாகப்பழக் கறை போகாது. எலுமிச்சை, சோடா, சாயக்காரர் சொன்ன ஏதோ ஒரு பொடி, எல்லாம் பார்த்தார்களாம். பாவும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொன்ன முதலாளி வந்து பார்த்துவிட்டு, புடவையைக் குறைத்துத்தான் விற்கமுடியும் என்று ஒன்பதாயிரம் ரூபாயைக் கூலியில் பிடித்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை, முதலில் சொன்னது பதினைந்து. டீச்சர் இரண்டாயிரம் கொடுத்தார். அவருக்கே பள்ளி வாடகை மூன்று மாதம் நிற்கிறது. மீதி ஏழாயிரத்தை மாதம் ஐந்நூறாக நான் தருகிறேன் என்று சொன்னேன். "உன் காசு எனக்கு எதுக்குமா" என்று முதலில் மறுத்தார்கள். அப்புறம் வீட்டு வாடகைக்கு ஆள் வந்து நின்ற ஒருநாள் வாங்கிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை விளையாட்டு நடந்துகொண்டுதான் இருக்கிறது. என் காலண்டர் தாளில் இப்போது புதிதாக ஒரு வரி: எதையும் வீட்டுக்குக் கொடுத்து அனுப்பக்கூடாது. போன மாதம் ஒரு பையன் வழவழப்பான ஒரு கல்லை அம்மாவுக்கு என்று எடுத்து வைத்திருந்தான். அதை வாங்கி வாய்க்காலில் போட்டுவிட்டேன். வழி முழுவதும் அழுதுகொண்டு வந்தான். கல் யாரை என்ன செய்துவிடும்? எனக்குத் தெரியவில்லை. போட்டுவிட்டேன்.

அவள் பள்ளிக்கு வருகிறாள். தோப்புக்கு மட்டும் அனுப்புவதில்லை. களிமண் பக்கம் போவதில்லை, வண்ணத்தைப் பார்ப்பதுமில்லை. முன்னே எட்டியாவது பார்ப்பாள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து எவ்வளவோ பேசிப் பார்த்தார். நான் பேசுவதில்லை. நான் தொடலாம் என்று சொன்னவள்.

மாதம் பிறந்ததும் ஐந்நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போகிறேன். தெருவில் திரும்பும்போது தறிச் சத்தம் கேட்கும். நான் வாசலில் நின்று கூப்பிட்டதும் நின்றுவிடும். பணத்தைக் கொடுத்துவிட்டு நாலு வீடு தாண்டின பிறகுதான் மறுபடி கேட்கும். அவள் அப்பா என்னோடு பேசியதில்லை. ஆடியில் ஆரம்பித்தேன். தீபாவளி மாதம் மட்டும் கொடுக்க முடியவில்லை.

இந்த மார்கழியில் போனபோது அம்மா கடைக்குப் போயிருந்தார். அவள்தான் கதவருகே நின்றாள். பணத்தை நீட்டினேன். வாங்கவில்லை. என்னைப் பார்த்ததும் பின்னால் போன கை பின்னாலேயே இருந்தது.

"அக்கா, நான் எதையும் தொடல" என்றாள்.

உள்ளே தறி நின்றிருந்தது. நோட்டை மடித்து, ஜன்னல் கம்பியில் செருகியிருந்த மின்சாரக் கட்டண அட்டைக்குள் வைத்தேன். "அம்மாகிட்ட சொல்லு கண்ணு" என்றேன். தலையாட்டினாள். இதோடு ஐந்து தடவை ஆயிற்று, இரண்டாயிரத்து ஐந்நூறு. இன்னும் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் பாக்கி.