நாற்பத்தொரு காலித் தாள்கள்

உளுந்தூர்பேட்டை பேருந்து நிலையத்தில் இறங்கி, லாரி டயர் கடையை ஒட்டிய படியில் ஏறினால் எழில்மதியின் வேலையிடம். நான்கு கணினிகள், ஒரு இரும்பு பீரோ. பீரோ நிறைய உப்புப் பூத்த தாள்கள். கடலூர்க் கரையில் விடியலில் நடந்து, செத்து ஒதுங்கும் பங்குனி ஆமைகளைக் குறித்து வைப்பவர்களின் தாள்கள் அவை. செல்போன் பழகியவர்கள் கரையில் இருந்தபடியே மென்பொருளில் ஏற்றிவிடுவார்கள். பழகாதவர்கள் எழுதி அனுப்புவதை எழில்மதி ஏற்றுவாள். ஏற்றியதை இணையத்தில் யாரும், எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் திறந்து பார்க்கலாம்.

திருநாவலூரில் கூலிக்கு நடவு நடும் அவள் அம்மா தைலம்மாளுக்கு இது விளங்கியதே இல்லை. "கடல் ஆராய்ச்சின்ற. ஒருநாளு காலு நனஞ்சி வந்தியாடி?" என்பாள்.

இதற்கு முன் நான்கு வருடம் எழில்மதி நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு பார்த்தாள். ஒருவரின் கையெழுத்து இருந்து, வேலை அளவு காலியாக இருந்தால் அங்கே ஒரே பொருள்தான்: ஆள் வரவில்லை, யாரோ அவர் பெயரில் போட்டிருக்கிறார்கள். அப்படிப் பெயர்களை அடித்ததில் ஊரில் இரண்டு வீட்டோடு பேச்சுவார்த்தை நின்றது. அவள் வளைந்து கொடுக்கவில்லை. அதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு.

அந்தக் கண்ணோடுதான் இருசப்பனின் தாள்களைப் பார்த்தாள். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்து, கடலோரத்தில் பெண்ணெடுத்து அங்கேயே தங்கிவிட்டவர் இருசப்பன். அறுபது நாளுக்கு அறுபது தாள். பத்தொன்பதில் ஆமையின் நீளம், அகலம், காயம் எல்லாம் இருந்தன. நாற்பத்தொன்றில் தேதியும் கையெழுத்தும் மட்டும். காலித் தாளுக்கு மென்பொருள் இரண்டு வழி கொடுக்கும்: 'நடந்தார், ஆமை இல்லை' அல்லது 'நடக்கவில்லை'. எழில்மதி நாற்பத்தொரு முறையும் 'நடக்கவில்லை' என்பதை அழுத்தினாள். கை தயங்கவில்லை.

சித்திரையில் ஒரு புதன்கிழமை, பக்கத்து நாற்காலி ஜீவா அலுவலகத் தொலைபேசியை நீட்டினாள். "கடலூர்ல இருந்து. நீதான் பேசணுமாம்."

"வணக்கங்க. நானு இருசப்பன் பொண்ணு அம்சவள்ளி. எங்கப்பா போய்ச் சேர்ந்து பத்து நாளாவுது. நெஞ்சு வலி."

"அய்யோ, தெரியாதேம்மா."

"ஞாயித்துக்கெழம காரியம். அவரு நடந்தத வாசல்ல கட்டற தட்டில எழுதி வெக்கலாம்னு ஒங்க பக்கத்தத் தெறந்து பாத்தோம். பத்தொம்போது நாளுன்னு போட்டுக்கீது. காச்சல்லகூட போனாருங்க. 'உன் அப்பன் மீதி நாளு எங்க படுத்துக்கினு இருந்தாரு'ன்னு பங்காளிங்களே சிரிக்கிறாங்க."

"தாளு காலியா இருந்திச்சிம்மா. அதான்..."

"செத்தது எதுவும் ஒதுங்கலன்னா காலியாத்தான் வுடுவாரு. நல்ல நாளு, அதுல இன்னாத்த எழுதறதும்பாரு."

பார்த்துச் சொல்வதாகச் சொல்லி எழில்மதி தொலைபேசியை வைத்தாள். பீரோவைத் திறந்து இருசப்பனின் தாள்கட்டை எடுத்தாள். மேலே இருந்த காலித் தாளை எதேச்சையாகத் திருப்பினாள். பின்பக்கம் பென்சில் எழுத்து.

'தை 9. கொண்டல் காத்து. ஆமை இல்ல. சந்தோசம்.'

அடுத்தது: 'தை 10. கால் வீக்கம். மெல்ல நடந்தேன்.' இன்னொன்று: 'மாசி 17. வலையில் இருந்த ஒண்ண உசுரோட விட்டாங்க. பாத்தேன்.'

மென்பொருளில் காற்றுக்குப் பெட்டி கிடையாது. அவள் ஸ்கேன் செய்வதும் முன்பக்கத்தை மட்டுமே. அவள் ஒரு தாளையும் திருப்பியதில்லை. நாற்பத்தொன்றையும் அப்போது திருப்பினாள். ஒன்றுகூட எழுத்து இல்லாமல் இல்லை.

வெள்ளி மாலை ஐந்து மணிக்கு அந்தப் பருவத்தின் பதிவு பூட்டப்படும். அதன்பிறகு யாரும் தொட முடியாது. பொறுப்பாளர் தமிழ்வேந்தனிடம் போனாள்.

"திருத்தலாம் எழில். ஆனா ஒவ்வொரு திருத்தத்துக்குப் பக்கத்துலயும் உன் பேரு நிக்கும். வெளிய தெரியும். கை தவறினா ஒண்ணு ரெண்டு. நாப்பத்தொண்ணுன்னா மேல கேப்பாங்க."

"கேக்கட்டும் சார்."

"மென்பொருள் கோளாறுன்னு நான் ஒரே கடிதமா அனுப்பிடட்டுமா? உன் பேரு வராது."

நல்ல மனதோடுதான் சொன்னார். எழில்மதிக்கு ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. பெயர்களை அடித்துப் பழகிய கை அது, தன் பெயர் அடிபட்டுப் பழகியதில்லை.

"அவரு வரலன்னு போட்டது மென்பொருள் இல்ல சார். நான்."

அவர் திருத்தும் அனுமதியைத் திறந்துவிட்டார்.

வியாழனும் வெள்ளியும் உட்கார்ந்தாள். பின்பக்கங்களை ஸ்கேன் செய்து சேர்த்தாள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் மென்பொருள் காரணம் கேட்டது. 'நடந்தார். ஆமை ஒதுங்கவில்லை. நான் தாளைத் திருப்பிப் பார்க்காதது தவறு' என்று அடித்தாள். எல்லாம் ஏறியதும் அந்தக் கரையின் கணக்கே இறங்கியது. அதுவரை ஒரு நடைக்கு ஒன்றுக்கு மேல் செத்த ஆமை என்று காட்டிக்கொண்டிருந்தது மூன்றில் ஒரு பங்கானது. வெள்ளி நாலே முக்காலுக்குக் கடைசித் தாள் ஏறியது.

மேலிடம் கேட்கத்தான் செய்தது. திங்கள் முதல் அவள் பதிவேற்றக் கூடாது, ஸ்கேன் மட்டும் போதும் என்று சனிக்கிழமை மின்னஞ்சல் வந்தது.

ஞாயிறு பகலில் அம்சவள்ளி அழைத்தாள். பின்னால் பறை ஓய்ந்து, சாப்பாட்டுப் பந்தியின் இரைச்சல் கேட்டது.

"அறுவதுன்னு வந்துடுச்சிங்க. தட்டில எழுதியாச்சி." இரைச்சலை விட்டுத் தள்ளி வந்தாள். "ஒங்க தப்புன்னு நாப்பத்தோரு எடத்துல போட்டுக்கீறீங்களே. ஒரு தடவ போதாதாங்க?"

"அவரு ஒவ்வொரு நாளா தானேம்மா நடந்தாரு."

அம்சவள்ளி, "சாப்ட்டீங்களா?" என்றாள்.

"இல்லம்மா. இனிமேதான்."