முதுகில் கைத்தடம்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் தென்காசியில் எந்த வீட்டுக்கும் நிம்மதி கிடையாது. சொந்தக்காரர்கள் மூட்டை முடிச்சோடு வந்து இறங்குவார்கள். அந்த வருஷம் சென்னைச் சித்தி. காலையிலேயே என்னை அருவிக்கு இழுத்துப்போய், உச்சி முதல் பாதம்வரை எண்ணெய் தேய்த்துவிட்டாள். மத்தியானம் கல்லூரியில் ஆட்டமும் பல்டியுமாகச் சியர் டீம் பயிற்சி இருக்கிறது என்று கத்தினேன். யார் காதில் வாங்கினார்கள்?

கல்லூரி விழாவில் டீமோடு மேடையேற வேண்டுமானால், பின்னால் சாய்ந்து கையூன்றிச் சுழன்று நிற்கும் பின்பல்டியை யாரும் பிடிக்காமல் அடிக்க வேண்டும். எனக்கு அந்த மேடை வேண்டும், அவ்வளவுதான். பழகும்போது கீழே மெத்தையும் பக்கத்தில் பிடிக்க ஒருத்தியும் இல்லாமல் பயிற்சி தரும் மேடம் குதிக்கவே விடமாட்டார். என்னைப் பிடிப்பவள் சுரண்டையிலிருந்து பஸ்ஸில் வரும் என் தோழி.

அன்றைக்கு நான் சாய்ந்ததும் டீசர்ட் மேலேறி, அவள் கை என் எண்ணெய் முதுகில் பட்டு வழுக்கிவிட்டது. தொப்பென்று தோளில் விழுந்தேன். தாடையை நெஞ்சோடு ஒட்டிச் சுருண்டு விழ மேடம் முதலிலேயே பழக்கியிருந்தார், மெத்தையும் இருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் பயம் வந்து ஒட்டிக்கொண்டது.

"எண்ணெய் தேச்சுட்டா பல்டி அடிக்க வாறது?" என்று மேடம் கிழித்துவிட்டார். மறுநாளே குழாயடியில் ஒரு டப்பா சீயக்காய்த்தூள் வந்தது. டீசர்ட்டை உள்ளே செருக வேண்டும், பிடிப்பவள் கைகழுவித் துடைத்து, பிடி வழுக்காமலிருக்கத் தூளைத் தேய்த்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு.

அதன்பிறகு, "பிடிச்சுக்கோட்டி, விட்டுராத" என்று கெஞ்சாமல் நான் குதித்ததே இல்லை. தினமும் என் வெள்ளை டீசர்ட்டின் முதுகில் பழுப்பாக ஒரு கைத்தடம்.

"யாருட்டி உன் முதுகுல வறட்டி தட்டுனது?" என்று அம்மா துவைக்கும்போதெல்லாம் சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கடைசியில் மேடம் சொல்லிவிட்டார்: "இன்னைக்குத் தனியா அடிக்கலேன்னா உன் எடத்துல வேற ஆள்தான்."

வெளியே சாரல். தோழி தூள் பூசிய கைகளோடு பக்கத்தில் நின்றாள்.

"பிடிப்பேல்லா?"

"நான் இங்கனதான் நிக்கேன். அடிட்டி!"

அடித்தேன். நின்றேன்! மூச்சு வாங்க அவளிடம், "நல்லாப் பிடிச்சட்டி" என்றேன்.

அவள் போனில் என் முதுகைப் படமெடுத்து நீட்டினாள். டீசர்ட்டில் ஒரு பொட்டுத் தூள் இல்லை.

"கையக் கிட்டக்கதான் வச்சிருந்தேன். தொடவே இல்லட்டி!"

நான் போட்ட கூச்சலுக்கு அடுத்த வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப்பார்த்தது. மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இன்னொரு தடவ" என்றார். அதையும் அடித்தேன், இம்முறை யாரையும் கெஞ்சாமல்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

"என்னத்தப் பாக்கச் சொல்லுத? ஒண்ணுமில்லியே?"

"ஒண்ணுமே இல்லைல்லா! நல்லாப் பாரும்மா!"