ப்ரூக்கிடம் ஒரு மணி நேரம்

கேக்கின் மேல் நீலக் கிரீமில் 'மேற்பார்வையாளர் ப்ரூக்' என்று எழுதியிருந்தது. கார்லா நீமி ஓர் எழுத்துகூடத் தன் தட்டில் விழாதபடி ஓரத்திலிருந்து ஒரு துண்டை வெட்டிக்கொண்டாள்.

"எழுத்து இருக்கற துண்ட எடுத்தா கடிச்சுடுமா?" என்றாள் வரவேற்பு மேசையில் இருக்கும் வெர்னா.

"எனக்கு இனிப்பு ஆகாது."

"நேத்து டோனட் மட்டும் ஆச்சாக்கும்!"

டுலூத் நகரத்தின் அந்த மனநல மையத்தில் ப்ரூக்குக்கு முன்பே மனநலப் பணியாளராகச் சேர்ந்தவள் கார்லா. காபி வடிகட்டும் தாள் எந்த அலமாரியில் இருக்கிறது என்று ப்ரூக்குக்குக் காட்டியவளே அவள்தான். ஆனால் கார்லா அதற்கு முன்பு வேலை பார்த்தது பாலத்துக்கு அந்தப் பக்கம், அடுத்த மாநிலத்தில். அங்கே அவளை மேற்பார்வையிட்டவரிடம் இந்த மாநிலம் கேட்கிற உரிமம் இல்லை; அந்த வருஷங்கள் செல்லாமல் போயின. ஏரி அதே ஏரி, வருகிறவர்களின் அழுகையும் அதே அழுகை. பாலத்தைத் தாண்டியதும் கார்லா புதுமுகம். இந்தப் பக்கத்திலேயே படித்து, இந்தப் பக்கத்திலேயே வேலை பார்த்த ப்ரூக் சறுக்குமரத்தில் போவதுபோல உரிமம் வாங்கி, இப்போது மேற்பார்வையாளராகவும் ஆகிவிட்டாள்.

கார்லாவுக்கு இன்னும் ஒரு வருஷ மேற்பார்வை பாக்கி. அது முடிந்து தேர்விலும் தேறினால்தான் தன் நோயாளியின் குறிப்பில் தானே கையெழுத்துப் போடலாம். இங்கே அவளை மேற்பார்வையிட்டு வந்த ஹெரால்ட் ஓய்வு பெற்று அரிசோனா வெயிலுக்குப் போய்விட்டார். ஊரில் வேறு ஆள் கிடைப்பாரா என்று கார்லா தெரிந்தவர்களையெல்லாம் போனில் பிடித்தாள். யாருக்கும் நேரமில்லை. மிச்சம் ப்ரூக்தான்.

வியாழக்கிழமை ப்ரூக்கோடு முதல் மேற்பார்வை அமர்வு. கார்லா தன்னிடம் சிகிச்சைக்கு வரும் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னாள். அவளுடைய தங்கை ஏரிக்கரையில் வீடு வாங்கியதிலிருந்து அக்காவுக்குத் தூக்கமில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றாள் ப்ரூக்.

"தங்கச்சிதான் திமிர் புடிச்சவன்னு சொன்னேன்."

"தங்கச்சிய நீங்க பாத்திருக்கீங்களா?"

கார்லா ஜன்னலைப் பார்த்தாள். பனி அள்ளும் வண்டி தெருவைச் சுரண்டிக்கொண்டு போயிற்று.

"சரி, இந்தப் பணியாளர் முதல்ல என்ன செய்யணும்?" என்றாள் ப்ரூக். உரிமத் தேர்வில் எதைக் கேட்டாலும் இப்படித்தான் கேட்பார்கள். அந்த மையத்தில் காபி கொட்டினால்கூட யாராவது இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ப்ரூக் சிரிக்கவில்லை.

நோயாளியைப் பார்க்கும்போது தன் மனதில் எழுவதை மேற்பார்வையாளரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஒரு மணி நேரம் இருப்பதே அதற்குத்தான். ஹெரால்டாக இருந்திருந்தால் ப்ரூக்கைப் பற்றி வண்டி வண்டியாகக் கொட்டியிருப்பாள். இப்போது எதிரே உட்கார்ந்திருப்பதே ப்ரூக்.

"எனக்கு உன்னப் பாத்தா வயிறு எரியுது," என்றாள் கார்லா. "அந்தக் கேக்குலேர்ந்து. இல்ல, அதுக்கும் முன்னாடிலேர்ந்தே."

ப்ரூக்கின் கழுத்து சிவந்தது. "அந்தத் தங்கச்சியத் திட்டினப்போ என் மூஞ்சி ஞாபகம் வந்துச்சா?"

"உன் கார் ஞாபகம் வந்துச்சு. உக்காந்தா சீட்டு சூடாகுதே, அந்தக் கார்."

ப்ரூக் மன்னிப்புக் கேட்கவில்லை, சமாதானமும் சொல்லவில்லை. பேசாமல் காத்திருந்தாள். ஹெரால்ட் இந்நேரம் மீன் பிடித்த கதையை ஆரம்பித்திருப்பார். இவள் எவ்வளவு அழகாகச் சும்மா இருக்கிறாள் என்று பார்க்கப் பார்க்க, கார்லாவுக்கு அதற்கும் சேர்த்து எரிந்தது.

"அப்ப நான் அந்தப் பொண்ணுக்காகப் பேசல," என்றாள் கடைசியில். "எனக்காகப் பேசியிருக்கேன்."

"வேற மேற்பார்வையாளர் வேணும்னா நானே தேடித் தர்றேன், கார்லா. சங்கடப்படாதீங்க."

கார்லா கோட்டை மாட்டி ஜிப்பைக் கழுத்துவரை இழுத்தாள். "வேணாம். அடுத்த வியாழன் இதே நேரம் வர்றேன். அந்த அக்கா கதை இன்னும் முடியல."

வெளியே வெர்னா காத்துக்கொண்டிருந்தாள். "எப்படிடி இருந்தா?"

"நல்லா செய்றா," என்றாள் கார்லா, கையுறையைத் தேடிக்கொண்டே. "சனியன்."